வெயில் தாங்காத உடலும் வாகனக் கண்ணாடியும்: மருத்துவச் சான்றிதழால் ஆவதும் ஆகாததும்

பங்குனி பிறந்ததும் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒரு கோரிக்கை அடிக்கடி வரத் தொடங்கிவிடுகிறது. “காரின் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும். போலீசார் நிறுத்தினால் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் எழுதித் தாருங்கள்” என்பதே அது. கேட்பவர்களுள் லூபஸ் நோயுள்ள இளம்பெண்கள் இருக்கிறார்கள். வெண்தோல் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் இருக்கிறார்கள். கண்புரை அறுவைக்குப் பின் கண் கூசுகிறது என்று சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். நோய் ஏதுமின்றி, காரின் உட்புறம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே கேட்பவர்களும் இல்லாமல் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தியாவில் இப்போதுள்ள மோட்டார் வாகன விதியில், நோயைக் காரணம் காட்டிக் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ள விலக்கு அளிக்கும் பிரிவு எதுவும் இல்லை. எத்தகைய மருத்துவர் எழுதித் தந்தாலும் அந்தத் தாள் ஓர் அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. இதைக் கேட்டதும் சிலர் மனம் வாடிப்போவதைப் பார்க்கிறோம். ஆனால் செய்தி அத்துடன் முடிந்துவிடவில்லை. உங்கள் உடலைக் காப்பதற்கு அந்தக் கறுப்பு நிறம் தேவையே இல்லை என்பதுதான் பெரும்பாலானோர்க்குப் பொருந்தும் உண்மை. சிலருக்கு மட்டும் நிலைமை அத்தனை எளிதன்று. அவர்களைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணாடி எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளுள் ஒன்று புற ஊதாக் கதிர். பூமியை வந்தடையும் புற ஊதாக் கதிரை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அலைநீளம் குறைந்த ‘பி’ வகை தோலை எரித்துச் சிவக்க வைப்பது. 320 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள ‘ஏ’ வகை தோலுக்குள் ஆழமாக இறங்கி, எரிச்சலைக் காட்டாமலே கருமையையும் சுருக்கத்தையும் ஏற்படுத்துவது. தரையை எட்டும் புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு ‘ஏ’ வகைதான். ‘பி’ வகை நண்பகலில் உச்சம் பெற்றுக் காலையிலும் மாலையிலும் பெரிதும் குறைந்துவிடும். ‘ஏ’ வகையோ பகல் முழுதும் ஓரளவு சீராக இருக்கும்.

சாதாரணக் கண்ணாடி ‘பி’ வகையை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடுகிறது. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு எத்தனை மணி நேரம் அமர்ந்தாலும் தோல் எரிந்து உரியாததற்கு இதுவே காரணம். எரியவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ‘ஏ’ வகையைப் பொறுத்தவரை, காரின் எல்லாக் கண்ணாடிகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. முன்புறக் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. விபத்தில் சிதறாமல் இருப்பதற்காக வைத்த அந்தப் படலமே ‘ஏ’ வகைக் கதிரையும் விழுங்கிவிடுகிறது. பக்கவாட்டுக் கண்ணாடிகளோ பெரும்பாலான கார்களில் சூடேற்றிக் கடினமாக்கப்பட்ட ஒற்றைத் தகடுகள். அமெரிக்காவில் 15 நிறுவனங்களின் 29 கார்களை அளந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், முன்புறக் கண்ணாடிகள் சராசரியாக 96 விழுக்காடு ‘ஏ’ வகைக் கதிரைத் தடுத்தன. ஓட்டுநர் பக்கக் கண்ணாடிகளின் சராசரி 71 விழுக்காடுதான். அதிலும் ஒரு காரில் 44, மற்றொன்றில் 96 என்று பெரும் வேறுபாடு காணப்பட்டது. காரின் விலைக்கும் இந்த அளவுக்கும் நேரான தொடர்பு இருக்கும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம்.

இதன் விளைவைக் கண்கூடாகக் காட்டிய ஒரு நோயாளியின் படம் 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. 28 ஆண்டுகள் சரக்கு வாகனம் ஓட்டிய 69 வயது அமெரிக்கர் அவர். முகத்தின் இடப் பாதி தடித்துச் சுருங்கி முதிர்ந்திருக்க, வலப் பாதி அவரது வயதுக்கு உரியதாகவே இருந்தது. அங்கே ஓட்டுநர் இடப்புறம் அமர்கிறார். நம் நாட்டு ஓட்டுநர்களிடம் இதே மாற்றத்தை வலக் கன்னத்திலும் வலக் கையிலும் காணலாம். நீண்ட காலம் லாரியோ வாடகைக் காரோ ஓட்டியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், இரு முழங்கைகளையும் சேர்த்துவைத்துப் பாருங்கள்.

இனி, நிறத்துக்கும் புற ஊதாத் தடுப்புக்கும் உள்ள தொடர்பு. நேரடியான தொடர்பு ஏதுமில்லை. கறுப்பாகத் தெரிவது, கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தடுப்பதால். புற ஊதாக் கதிரைத் தடுப்பது படலத்தில் சேர்க்கப்பட்ட வேறு வேதிப்பொருள்கள். முற்றிலும் நிறமற்ற படலம் ஒன்று 99 விழுக்காடு புற ஊதாக் கதிரைத் தடுக்க முடியும். மலிவான கறுப்புச் சாயத் தாள் அதில் பெருமளவை உள்ளே விட்டுவிடவும் முடியும். வெயிலுக்கு அஞ்சிக் கறுப்பைத் தேடுபவர் தேடுவது நிழலைத்தான். அவருக்கு வேண்டியது புற ஊதாத் தடுப்பு.

விதி சொல்வது என்ன

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி வாகனக் கண்ணாடியைப் பற்றியது. முன்புறக் கண்ணாடியும் பின்புறக் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமலும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டுக்குக் குறையாமலும் உள்ளே விட வேண்டும் என்பது அதன் சாரம். கறுப்புக் கண்ணாடிக் கார்களுக்குள் நடந்த குற்றங்களையும், ஓட்டுநரின் பார்வை குறைவதால் நேரும் விபத்துகளையும் சுட்டிக்காட்டிய ஒரு பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. உற்பத்தி செய்யும்போதே மேற்சொன்ன அளவுக்குள் நிறமூட்டப்பட்ட கண்ணாடி இருக்கலாம். ஆனால் வெளிச்சந்தையில் வாங்கிய கறுப்பு ஃபிலிமையோ வேறு எந்தப் பொருளையோ கண்ணாடியின்மேல் ஒட்டக் கூடாது, அந்த ஃபிலிம் எவ்வளவு ஒளியை விடுவதாக இருந்தாலும் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு மே 4 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு மட்டும், உரிய குழுவின் ஒப்புதலுடன், விலக்கு அளிக்க இடம் வைக்கப்பட்டது. நோயாளிகளுக்கென ஒரு வழி அங்கே திறக்கப்படவில்லை.

‘வேறு எந்தப் பொருளும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். உறிஞ்சிக் கிண்ணம் வைத்து ஒட்டும் வலைத்திரைகளும், கம்பியில் தொங்கும் துணித்திரைகளும் சட்டப்படி பாதுகாப்பானவை என்று கடைக்காரர் சொல்வதை நம்பிப் பணம் செலவழித்தவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். அவற்றுக்கும் அபராதம் விதிக்கப்படுவது உண்டு. தனிப் பிரிவு குறிப்பிடப்படாத மீறல்களுக்கான, மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரையும், மறுமுறைகளில் 1500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் வெயில் ஆகாத ஒருவரை நடுச்சாலையில் நிறுத்தி, காரிலிருந்து இறக்கி, ஃபிலிமைக் கிழித்தெடுக்கும் வரை நிற்க வைப்பது அவருக்கு எத்தகைய தண்டனை என்பதை எண்ணிப் பாருங்கள்.

அண்மையில் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. 100ஆம் விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் 1 முதல் ‘சேஃப்டி கிளேசிங்’ எனப்படும், உட்புறம் பிளாஸ்டிக் படலம் பொருத்திய கண்ணாடியும் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டிருந்தால் ஏற்கப்பட்டது. இதனை அடிப்படையாகக் கொண்டு கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில், 70, 50 என்ற அளவுகளை மீறாத தரச்சான்று பெற்ற படலத்தைப் பொருத்திய வாகன உரிமையாளர்களுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கேரளத்தில் வாழும் நம் நோயாளிகளுக்கு இது நல்ல செய்தி. மற்ற மாநிலங்களில் சாலையில் நிற்கும் காவலர் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பையே கையில் வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு நடப்பதே இப்போதைக்கு அறிவுடைமை.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்ல விரும்புகிறோம். ஏமாறாமல் இருக்க உதவும். கருவி வைத்து அளக்கும்போது ஃபிலிமை மட்டும் அளப்பதில்லை. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எவ்வளவு ஒளியை விடுகின்றன என்பதே அளக்கப்படுகிறது. உங்கள் காரின் கண்ணாடி ஏற்கெனவே 75 விழுக்காடு ஒளியைத்தான் விடுகிறது என்று கொள்வோம். அதன்மேல் ‘70 விழுக்காடு’ ஃபிலிமை ஒட்டினால் கிடைப்பது 70 அன்று; 75இல் 70 விழுக்காடு, அதாவது 52.5. பக்கவாட்டுக் கண்ணாடியில் இது மயிரிழையில் தப்பும். பின்புறக் கண்ணாடியிலோ, 90 விழுக்காடு ஒளி விடும் மெல்லிய ஃபிலிமை ஒட்டினாலும் 67.5 ஆகிவிடும், அது விதிமீறல்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் இந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பல மாநிலங்கள் மருத்துவ விலக்கு வழங்குகின்றன. நியூயார்க் மாநிலத்தில் கண்ணாடி 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும்; ஆனால் குறிப்பிட்ட சில நோய்கள் உள்ளவர்கள் மருத்துவரின் கையொப்பத்துடன் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். வெண்தோல் குறைபாடு, லூபஸ், டெர்மடோமயோசைட்டிஸ், போர்ஃபிரியா, சீரோடெர்மா பிக்மென்டோசம், நாட்பட்ட ஒளிவினைத் தோலழற்சி, மருந்துகளால் உண்டாகும் கடுமையான ஒளிக்கூச்சம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. கலிபோர்னியாவில் மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர் முன்பக்க ஜன்னல்களில் வெயில் தடுப்புச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் இருட்டில் அதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த நிபந்தனை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வெயிலுக்காகக் கேட்ட விலக்குக்கு இரவில் என்ன வேலை?

நம் நாட்டிலும் இப்படி ஒரு வழி வேண்டும் என்பது எங்கள் கருத்து. நீதிமன்றத்தின் கவலை இரண்டு: வெளியிலிருந்து உள்ளே இருப்பவர் தெரிய வேண்டும், உள்ளிருக்கும் ஓட்டுநருக்கு வெளியே தெரிய வேண்டும். நிறமற்ற புற ஊதாத் தடுப்புப் படலம் இவ்விரண்டையும் கெடுப்பதில்லை. பட்டியலிட்ட சில நோய்களுக்கு, அரசு மருத்துவக் குழு ஒன்றின் சான்றின் பேரில், வாகனப் பதிவுச் சான்றிலேயே குறித்துக்கொடுக்கும் முறை வந்தால் அதனால் யாருக்கும் இழப்பு இராது. கறுப்பு ஃபிலிமுக்கு விலக்குக் கேட்பதில் எங்களுக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. அது வந்தால், தகுதியுள்ள பத்துப் பேருக்கு முன்னே தகுதியில்லாத நூறு பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதை இத்தனை ஆண்டு அனுபவத்தில் அறிந்திருக்கிறோம்.

யாருக்கு எது தேவை

‘வெயில் ஒத்துக்கொள்ளாது’ என்ற ஒரே சொற்றொடருக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒளியின் வெவ்வேறு பகுதிக்கு அஞ்சுபவை.

லூபஸ் நோயாளிகளே எங்களிடம் மிகுதியாக வருபவர்கள். இளம்பெண்களையே பெரும்பாலும் பிடிக்கும் நோய் இது. மூக்கின் இரு மருங்கும் கன்னங்களில் பரவும் சிவப்புத் தடிப்பை மட்டுமே வெயில் கிளப்பிவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சிலரிடம் வெயில் பட்ட சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் மூட்டுவலியும் காய்ச்சலும் கிளம்புகின்றன. சிறுநீரகம் வரை நோய் மூளுவதும் உண்டு. புற ஊதாக் கதிரின் இரு வகைகளும் இவர்களைத் தாக்குகின்றன. கண்ணாடி ‘பி’ வகையைத் தடுத்துவிடுவதால், இவர்களுக்குக் கூடுதலாக வேண்டியது ‘ஏ’ வகைத் தடுப்பு. நிறம் வேண்டியதில்லை. கருவுற்ற நிலையிலும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். வெயில் படாமல் ஒதுங்கியிருப்பது மருந்துக்கு ஈடாகாது.

சீரோடெர்மா பிக்மென்டோசம் அரிதானது. ஆனால் மிகக் கொடியது. புற ஊதாக் கதிர் ஒவ்வொரு நாளும் நம் அனைவருடைய தோல் அணுக்களின் மரபுப் பொருளையும் சிதைக்கிறது. உடல் அதைத் தானே பழுது பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழுதுபார்ப்பு இல்லாமல் பிறந்த குழந்தைகள் இவர்கள். பத்து வயதை எட்டுவதற்குள்ளேயே பலருக்குத் தோல் புற்றுநோய் தோன்றிவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடு வந்தால்தான் நோய் வெளிப்படும் என்பதால், நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துகொண்ட குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இக்குழந்தைகளுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பக்கவாட்டு ஜன்னலோரம் இவர்களை உட்கார வைப்பது எந்த வாகனத்திலும் கூடாது. இவர்களுக்கும் வேண்டியது முழுமையான புற ஊதாத் தடுப்பே, இருள் அன்று.

இருளின் தேவை உண்மையிலேயே எழுவது போர்ஃபிரியாவின் சில வகைகளில். இவர்களது இரத்தத்தில் தேங்கும் பொருள், புற ஊதாவைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியை, 400 நானோமீட்டரையொட்டிய பகுதியை, உறிஞ்சிக் கொதிக்கிறது. இவ்வகை ஒன்றில், வெயிலில் சில நிமிடங்கள் இருந்தாலே தோலில் தாங்க முடியாத எரிச்சல் உண்டாகும். மேலே தடிப்போ கொப்புளமோ தெரியாமல் இருப்பதும் உண்டு. கையை நீரில் நனைத்துக்கொண்டு அழும் குழந்தையை ‘பள்ளிக்குப் போக நடிக்கிறது’ என்று ஆண்டுக் கணக்கில் அடித்த பெற்றோரும் இருக்கிறார்கள். இவர்களுக்கு நிறமற்ற புற ஊதாப் படலம் போதாது. முன்புறக் கண்ணாடியும் போதாது. ஊதா, நீல நிறங்களை விழுங்கும் மஞ்சள் படலம் உதவும். நம் கண் பச்சை, மஞ்சள் நிறங்களையே மிகுதியாக உணர்வதால், இத்தகைய படலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவைப் பெரிதாகக் குறைப்பதில்லை. மருத்துவ விலக்குப் பற்றி அரசு என்றேனும் எண்ணினால், முதலில் நினைக்க வேண்டியவர்கள் இவர்களே. வெயில் பட்டால் திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கும் ஒளி யூர்டிகேரியா நோயாளிகள் சிலருக்கும் இதே சிக்கல் உண்டு.

வெண்தோல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தோலுக்கு ஒரு தேவை, கண்ணுக்கு ஒரு தேவை. தோலைப் புற ஊதாத் தடுப்புக் காக்கும். கண் கூசுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளியால். அதற்கு வாகனத்தை இருட்டாக்குவதை விட, பக்கங்களும் மூடிய குளிர்க்கண்ணாடியும் முன்புறம் நீண்ட தொப்பியும் நல்லவை. இறங்கி நடக்கும்போதும் கூடவே வரும்.

மற்றொரு கூட்டம் எங்கள் மருந்துச் சீட்டாலேயே உருவாகிறது. வெண்புள்ளிக்கும் காளாஞ்சகப்படைக்கும் சோராலென் மாத்திரை கொடுத்து ஒளிச் சிகிச்சை செய்கிறோம். அம்மாத்திரை தோலை ‘ஏ’ வகைக் கதிருக்கு இலக்காக்குவதற்கென்றே தரப்படுவது. ஜன்னல் கண்ணாடி விட்டுவிடும் கதிரும் அதுவேதான். ஆகவே மாத்திரை உட்கொண்ட 24 மணி நேரத்துக்குக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், உடலை மூடிய ஆடையும் காருக்குள்ளும் பேருந்துக்குள்ளும் கட்டாயம். டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல் ஆகியவையும் சிலரிடம் ஒளிக்கூச்சத்தை உண்டாக்கும். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கியபின் வெயில் படும் இடங்கள் மட்டும் கருத்தாலோ சிவந்தாலோ, மாத்திரையைக் கைவிடாமல் எங்களிடம் காட்டுங்கள்.

வயல்வெளியிலும் சாலையோரங்களிலும் மண்டியிருக்கும் பார்த்தீனியம் செடியால் தோலழற்சி வந்த உழவர்களுள் சிலருக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலே ஆகாமல் போவதுண்டு. இவர்களில் ஒருவர்கூட எங்களிடம் கார் கண்ணாடிச் சான்றிதழ் கேட்டதில்லை. பேருந்தில் வருகிறார்கள்.

இன்றைக்குச் செய்யக்கூடியவை

புதிய கார் வாங்கும் நிலையில் இருப்பவர்கள், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட புற ஊதாத் தடுப்புக் கண்ணாடி பக்கவாட்டு ஜன்னல்களில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ‘யூ.வி. கட்’ என்று விளம்பரப்படுத்தும் மாடல்கள் இப்போது பல இருக்கின்றன. ‘99 விழுக்காடு’ என்ற சொல்லை மட்டும் பார்க்காதீர்கள்; எந்த அலைநீளம் வரை என்று கேளுங்கள். பலர் சொல்லும் கணக்கு 380 நானோமீட்டரோடு நின்றுவிடும். லூபஸ் நோயாளிக்கும் குழந்தைக்கும் 400 வரை தடுப்பதே தேவை. வெப்பத்தைக் குறைக்கும் கண்ணாடி என்பது வேறு. அது அகச்சிவப்புக் கதிரைப் பற்றியது.

இருக்கும் காரிலோ பேருந்திலோ செல்பவர்களுக்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு: இருக்கையைத் தேர்ந்து அமர்வது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை நோக்கித் தெற்கே போகும் வண்டியில், காலையில் வெயில் இடப்புறம் விழும், வலப்புறம் அமருங்கள். மாலையில் நேர்மாறு. வடக்கே திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். கோவையிலிருந்து சென்னைக்குக் கிழக்கு நோக்கி வருகையில், ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வலப்புற ஜன்னல்களே சுடும். காரில் பின்னிருக்கையின் நடுவிடம் எந்நேரமும் நல்லது. கண்ணாடியை இறக்கிவிட்டால் பாதுகாப்பு முழுவதும் போயிற்று என்பதை நினைவில் வையுங்கள். கதவருகே இருப்பவர் மடியில், நெருக்கமாக நெய்த கருநிறப் பருத்தித் துணி ஒன்றை விரித்துக் கைகளை அதன் கீழ் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் தொங்கும் திரைக்குத்தான் அபராதம். உங்கள் தோளில் கிடக்கும் துப்பட்டாவுக்கு எந்தச் சட்டத்திலும் அபராதம் இல்லை. முழுக்கைச் சட்டை, கையுறை, அகன்ற துண்டு ஆகியவை எந்தப் படலத்தையும் விட நம்பகமானவை.

வெயில் தடுப்புக் களிம்பு வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அது பெரும்பாலும் ‘பி’ வகையைப் பற்றிய அளவு. கண்ணாடிக்குள் உங்களுக்கு வேண்டியது ‘ஏ’ வகைத் தடுப்பு. அதைக் குறிக்கும் ‘பி.ஏ.’ என்ற எழுத்துகளுக்குப் பின் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் இருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசுங்கள். பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்ப்பது பூசாததற்கு ஒப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். போர்ஃபிரியா நோயாளிகளுக்குச் சாதாரணக் களிம்பு பயன் தராது. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பை எங்களிடம் கேளுங்கள்.

நமது நோயாளிகளுள் பெரும்பாலோர் கார் உடையவர்கள் அல்லர். இரு சக்கர வாகனத்தில் வருபவர்கள் தலைக்கவசத்தின் முகப்புத் தகட்டை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். நல்ல தரமான பாலிகார்பனேட் தகடு, நிறமற்றதாக இருந்தாலும், புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கறுத்த தகட்டை மாட்டிக்கொண்டு இரவில் ஓட்ட வேண்டாம்.

சான்றிதழ் பற்றி

சான்றிதழ் எழுதித் தர மாட்டோம் என்று இதற்குப் பொருளன்று. உங்களுக்கு இன்ன நோய் இருக்கிறது, இன்ன ஒளி உங்களைத் தாக்கும், வெயிலில் நிற்க வைக்கக் கூடாது, உடலையும் முகத்தையும் மூடியிருப்பது மருத்துவ அறிவுரையின்படி என்று எழுதித் தருகிறோம். சாலையில் நிறுத்தப்படும்போது நிழலில் நின்று பேச அனுமதி கேட்கவும், தேர்வு மையத்தில் ஜன்னலருகே அமராமல் இருக்கவும், அலுவலகத்தில் இடம் மாற்றிக் கேட்கவும், வாகனக் கண்ணாடி தொடர்பாகப் போக்குவரத்துத் துறைக்கோ நீதிமன்றத்துக்கோ முறையாக மனுக் கொடுக்கவும் அது பயன்படும். ‘கறுப்பு ஃபிலிம் ஒட்ட அனுமதிக்கலாம்’ என்ற வரியை மட்டும் எழுதுவதில்லை. அப்படி அனுமதிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. நோயில்லாதவருக்கு நோயிருப்பதாக எழுதுவது, 2002ஆம் ஆண்டின் மருத்துவர் ஒழுக்க விதிகளின்படி பதிவையே இழக்கச் செய்யக்கூடிய குற்றம். தெரிந்தவர், உறவினர் என்று வற்புறுத்துவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

சான்றிதழ் வேண்டுவோர், நோயை உறுதிசெய்த பரிசோதனை முடிவுகளையும், லூபஸ் நோயாளிகள் ஏ.என்.ஏ. பரிசோதனைத் தாளையும், தோல் திசு ஆய்வு செய்திருந்தால் அதன் அறிக்கையையும், இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். நோய் மாறும், மருந்தும் மாறும். சீரோடெர்மா, போர்ஃபிரியா உள்ள குழந்தைகளைப் புறநோயாளர் நேரத்தில் அழைத்து வர வேண்டாம். முதல் நாள் மாலை பிரிவின் செவிலியர் நிலையத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தால், சூரியன் எழும் முன்னரோ அந்தி சாய்ந்த பின்னரோ பார்க்க ஏற்பாடு செய்கிறோம். அக்குழந்தைகளுக்கென ஒதுக்கிய அறையின் விளக்குகளுக்கும் ஜன்னல்களுக்கும் புற ஊதாத் தடுப்பு உறை போட்டிருக்கிறோம்; வாகனத்தைக் கீழ்த்தள நிறுத்துமிடத்துக்குள் கொண்டுவந்து, மின்தூக்கி வழியாக நேராக மேலே வந்துவிடலாம்.